புலித்தலை ராட்சசனுக்கு எத்தனை மார்க்?

டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் புத்தகங்களில் வரும் மான்ஸ்டர்களுக்கு மார்க் போடுவது இணையத்தில் ஒரு தனிப் பொழுதுபோக்கு. ஆளாளுக்கு ஒரு பட்டியல் வைத்திருக்கிறார்கள். இது அருமை, அது பரவாயில்லை, மற்றதெல்லாம் குப்பை என்று. நானும் ராத்திரி தூக்கம் கெட்டு நிறையப் படித்திருக்கிறேன். படிக்கப் படிக்க எரிச்சல்தான் வருகிறது. கிட்டத்தட்ட எல்லாரும் எண்ணைப் பார்த்துத்தான் மார்க் போடுகிறார்கள். எத்தனை ஹிட் பாயின்ட், ஒரு சுற்றுக்கு எவ்வளவு அடி, எந்த லெவல் ஆட்களைச் சமாளிக்கும்... ஏதோ வாஷிங் மெஷின் வாங்கக் கடைக்குப் போனவர்கள் மாதிரி.

இந்த ஆட்டம் தெரியாத வகுப்புத் தோழர்களுக்காக ஒரு பத்தி (தெரிந்தவர்கள் தாண்டிப் போகலாம்). நாலைந்து பேர் மேஜையைச் சுற்றி உட்காருவோம். ஒருவர் டஞ்சன் மாஸ்டர், சுருக்கமாக டிஎம். அவர் கதை சொல்லி, நடுவர், வில்லன் எல்லாம். மற்றவர்கள் ஆளுக்கு ஒரு பாத்திரம். "கதவைத் திறக்கிறேன்", "கத்தியை உருவுகிறேன்" என்று நாங்கள் சொல்வோம், இருபது முகப் பகடையை உருட்டி அது நடந்ததா இல்லையா என்று பார்ப்போம். 1974-ல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் அமெரிக்காவில் வெளியிட்ட ஆட்டம். கதவுக்குப் பின்னால் என்ன நிற்கிறது என்பதற்குத்தான் மான்ஸ்டர் மேனுவல் என்று தனிப் புத்தகமே. முதல் தடிமனான மேனுவல் 1977-ல் வந்தது. கடைசியாகத் திருத்திய பதிப்பு 2025-ல்.

(மான்ஸ்டருக்கு ஏன் தமிழ்ச்சொல் போடவில்லை என்று யாராவது சண்டைக்கு வருவதற்குள் சொல்லிவிடுகிறேன். நம்மிடம் பூதம், பேய், அரக்கன், வேதாளம் என்று தனித்தனியாகச் சொல் இருக்கிறது. ஒவ்வொன்றும் வேறு ரகம். எல்லாவற்றையும் ஒரே சாக்கில் போடும் சொல் நம்மிடம் இல்லை. இல்லாதது நல்லதுதான்.)

சரி, விஷயத்துக்கு வருவோம். நான் மார்க் போடும் முறை இதுதான்: அந்த மான்ஸ்டர் வந்து நின்றதும், மேஜையில் இருப்பவர்கள் வழக்கமாகச் செய்வதை விட்டுவிட்டு வேறு எதையாவது செய்கிறார்களா? வழக்கமாகச் செய்வது என்றால் "நான் அடிக்கிறேன், நீயும் அடி". அதே கதைதான் என்றால் அதற்கு ஆயிரம் ஹிட் பாயின்ட் இருந்தாலும் என்னிடம் பாஸ் மார்க் கிடையாது.

ரஸ்ட் மான்ஸ்டரை எடுத்துக்கொள்வோம். இரும்பைத் துரு ஏற்றித் தின்கிற பூச்சி மாதிரியான ஒரு ஜந்து. இது பிறந்த கதையே வேடிக்கை. ஆரம்ப காலத்தில் மேஜையில் வைத்து ஆடுவதற்கு மான்ஸ்டர் பொம்மைகள் கிடைக்காததால், கைகாக்ஸ் மலிவு விலைக் கடையில் ஹாங்காங் பிளாஸ்டிக் பொம்மைப் பொட்டலம் ஒன்று வாங்கினார். டைனோசர் என்ற பெயரில் விற்றார்கள், ஆனால் உலகத்து டைனோசர் எதைப் போலவும் அவை இல்லை. அந்தப் பொட்டலத்திலிருந்து மூன்று மான்ஸ்டர்கள் பிறந்தன. வாலில் பங்கா வைத்த மாதிரி இருந்தது ரஸ்ட் மான்ஸ்டர் ஆயிற்று. இன்னொன்று ஆந்தைத் தலைக் கரடியான அவுல்பேர். மூன்றாவது, நிலத்துக்கு அடியில் நீந்தி வரும் புலெட். இதை டிம் காஸ்க் 1976-ல் 'டிராகன்' பத்திரிகையின் முதல் இதழில் எழுதினார்.

பழைய விதிப்படி ரஸ்ட் மான்ஸ்டரின் உணர்கொம்பு பட்டால் கவசம் அப்படியே துருவாகி உதிரும். மாயக் கவசமும் தப்பாது, ஒரு பிளஸ்ஸுக்குப் பத்து சதவீதம் என்று தப்பிக்க ஒரு சின்ன வாய்ப்பு மட்டும். அது ஆளைக் கொல்லவே கொல்லாது. ஆனால் டிராகனைப் பார்த்துச் சிரிக்கும் போர்வீரன் இதைப் பார்த்தால் அலறி ஓடுவான். மந்திரவாதி ஆடுபவர், அதாவது வழக்கமாகப் பின்னால் ஒளிந்துகொள்பவர், கையில் ஒரு தடியோடு முன்னால் வருவார். ஒரு கை ஆணியைத் தூக்கித் தூர எறிந்து அதன் கவனத்தைத் திருப்பலாம். யாராவது கவசத்தைக் கழற்றிவிட்டு வெறும் சட்டையோடு சண்டைக்குப் போவார். எண்ணைப் பார்த்தால் சாதாரணப் பிராணி, மேஜையில் பார்த்தால் தலைகீழ் உலகம். பத்துக்கு ஒன்பதரை.

ஆனால் இது 1977-ன் மார்க். 2006-ல் மைக் மெர்ல்ஸ் என்ற வடிவமைப்பாளர் இந்த மான்ஸ்டருக்கு ஒரு மறுவடிவம் எழுதினார். அதில் துரு பத்தே நிமிடத்தில் தானாகச் சரியாகிவிடும்! 2014-ல் வந்த ஐந்தாம் பதிப்பில் துரு நிரந்தரம்தான், ஆனால் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும், மாயப் பொருளைத் தொடவே தொடாது. சாதாரண இரும்புக் கவசம் போனால் என்ன, அடுத்த ஊரில் வாங்கிக்கொள்ளலாம். இதே ஆள்குறைப்பு வைட், ஸ்பெக்டர் போன்ற பிணவகை மான்ஸ்டர்களுக்கும் நடந்தது. பழைய காலத்தில் வைட் தொட்டால் கஷ்டப்பட்டுச் சம்பாதித்த லெவல் ஒன்று போய்விடும். இப்போது உயிர் உறிஞ்சினாலும் ஒரு ராத்திரி நன்றாகத் தூங்கி எழுந்தால் சரியாகிவிடும். ஜலதோஷம் கூட அவ்வளவு சீக்கிரம் போகாது :-)

நியாயமாகச் சொன்னால் 2006-ல் மெர்ல்ஸ் செய்ததற்குக் காரணம் இருந்தது. அப்போதைய மூன்றாம் பதிப்பின் கணக்கே, இந்த லெவலில் இருப்பவரிடம் இவ்வளவு மதிப்புள்ள மாயப் பொருட்கள் இருக்கும் என்று அட்டவணை போட்டு அதன் மேல் கட்டியது. கவசம் போனால் அந்த ஆள் அடுத்த மூன்று மாத ஆட்டத்துக்கும் ஊனம். தண்டனை குற்றத்துக்கு மீறியது. ஆனால் ஐந்தாம் பதிப்பில் அந்தக் கணக்கு கிடையாது. மாயப் பொருள் இல்லாமலே ஆடலாம் என்றுதான் அதை வடிவமைத்தவர்களே சொன்னார்கள். அப்புறம் எதற்கு இந்தப் பயம்? இழக்க எதுவும் இல்லாத இடத்தில் பயமும் இல்லை. ஐந்தாம் பதிப்பு ரஸ்ட் மான்ஸ்டருக்கு ஐந்தரை, அதுவும் பழைய பாசத்துக்காக.

நேர் எதிர் முனையில் டராஸ்க். பிரான்சில் டராஸ்கான் ஊரில் சொல்லப்படும் ஒரு பழைய பிராணியின் பெயரை எடுத்து 1983-ல் இரண்டாவது மான்ஸ்டர் மேனுவலில் போட்டார்கள். ஐந்தாம் பதிப்பில் 676 ஹிட் பாயின்ட், சேலஞ்ச் ரேட்டிங் 30. அதற்கு மேல் புத்தகத்தில் எண்ணே இல்லை. எல்லாப் பட்டியலிலும் முதல் பத்துக்குள் வரும். ஆனால் 2014 டராஸ்கால் பறக்கவும் முடியாது, தூரத்தில் நிற்பவரைத் தாக்கவும் வழி கிடையாது. பறக்கத் தெரிந்த ஒரு ஆளும், ஒரு மாய வில்லும், நிறைய அம்பும், நிறையப் பொறுமையும் இருந்தால் போதும் என்பது பழைய ஜோக். 2025 பதிப்பில் தூரம் வரை பாய்கிற ஒரு கர்ஜனை கொடுத்து அந்த ஓட்டையை அடைத்தார்கள். அடைத்த பிறகும் அது வெறும் பெரிய விலங்குதான். ஊரை இடிக்கும், அடித்தால் விழும். மூன்று மார்க்.

எண்ணை நம்பாதே என்று நான் கத்துவதற்கு ஆதாரம் கேட்பவர்களுக்கு டக்கரின் கோபோல்டுகளைக் காட்டுகிறேன். கோபோல்டு இந்த ஆட்டத்தின் கொசு. ஐந்தாம் பதிப்பில் ஐந்தே ஹிட் பாயின்ட், சேலஞ்ச் ரேட்டிங் எட்டில் ஒன்று. 1987 நவம்பர் 'டிராகன்' இதழின் தலையங்கத்தில் அதன் ஆசிரியர் ரோஜர் மூர், டக்கர் என்ற டிஎம் நடத்திய ஆட்டத்தைப் பற்றி எழுதினார். அந்த ஆட்டத்தில் பெரிய லெவல் ஆட்கள் பெரிய பேய்களைத் தேடிப் பாதாளத்தின் அடித்தளத்துக்குப் போக வேண்டும். வழியில் முதல் தளத்தில் இந்தக் கோபோல்டுகள். சுவர் ஓட்டை வழியாக அம்பு, தீ வைத்து முன்னே தள்ளி வரும் குப்பைக் குவியல், பின்னால் அடைபட்ட கதவு, எங்கும் புகை. பெரிய பேய்களே தேவலை என்று ஆட்டக்காரர்கள் கீழ்த்தளத்துக்கு ஓடினார்கள். கோபோல்டின் எண் ஒன்றுகூட மாறவில்லை, மூளை மட்டும்தான் வந்தது.

இதற்கு ஒரு நல்ல மறுப்பும் இருக்கிறது. கீத் ஆமன் என்பவர் 2016 முதல் எழுதிவரும் கட்டுரைகளில் (2019-ல் புத்தகமாகவும் வந்தது) எண்ணிலிருந்தே நடத்தையைப் படிக்கிறார். இதற்கு வேகம் அதிகம், உடல்வலு குறைவு, ஆகவே இது நேருக்கு நேர் நிற்காது, ஒளிந்து அடித்துவிட்டு ஓடும் என்கிற மாதிரி. காட்டு விலங்கைப் பார்த்து எழுதுவது போல எழுதுவார். அவரைப் படித்த பிறகு எண்ணின் மேல் எனக்கு இருந்த கோபம் பாதி குறைந்தது. எண்ணைப் படிக்கத் தெரிந்தவருக்கு அதில் விஷயம் இருக்கிறது. மார்க் பட்டியல் போடுபவர்கள் எண்ணைப் படிப்பதில்லை, கூட்டுகிறார்கள், அவ்வளவுதான்.

ஜெலட்டினஸ் க்யூப் பற்றி இரண்டே வரி. பத்தடிக்குப் பத்தடி கண்ணாடி மாதிரி ஜெல்லிக் கட்டி. பாதாள வரைபடத்தில் நடைபாதை பத்தடி அகலம் என்பதால் இதுவும் பத்தடி. விளக்குமாற்றுக்குப் பதிலாக அந்த வழியைச் சுத்தம் செய்துகொண்டே போகிறது, நீங்களும் குப்பைதான். எட்டு மார்க்.

ஃப்ளம்ப் என்று ஒன்று இருக்கிறது. 1981-ல் இங்கிலாந்துக்காரர்கள் தொகுத்த 'ஃபீன்ட் ஃபோலியோ'வில் வந்த பறக்கும் ஜெல்லிமீன். ரொம்ப நல்லவர்! நிஜமாகவே விதிப்படி நல்ல குணம் கொண்ட மான்ஸ்டர். முப்பது வருஷம் எல்லாரும் இதைக் கிண்டல் செய்தார்கள். 2014-ல் இதைத் தூக்கிப் போடாமல், அடுத்தவர் மன ஆற்றலை உண்டு வாழ்வது, அதனால் அருகில் இருக்கும் கொடியவர்களின் ரகசியமெல்லாம் இதற்குத் தெரியும், அந்த அசிங்கமான நினைப்புகளை யாரிடமாவது சொல்லித் தீர்க்கத் துடிக்கிறது என்று மாற்றினார்கள். ஒரே வாக்கியத்தில் காமெடி பீஸ் துப்பு கொடுப்பவர் ஆகிவிட்டார். ஏழரை, சனி இல்லாமல்.

இப்போது தலைப்பில் சொன்ன ஆள். ராட்சசன்.

1977 மேனுவலில் நம் ஊர் ஆட்கள் என்று சொல்லத்தக்க சிலர் இருக்கிறார்கள். நாகங்கள் உண்டு, ராட்சசனும் உண்டு. டேவ் டிராம்பியர் வரைந்த படத்தில் ராட்சசனுக்குப் புலித்தலை. பெரிய வீட்டு ஜமீன்தார் மாதிரி உடை உடுத்தி, கையில் புகைக்கும் பைப். அந்தப் படம் அபாரம், அதில் மறுபேச்சே இல்லை. ஆனால் அது ராமாயணத்திலிருந்து நேரே வரவில்லை. 1974-ல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் 'கோல்சாக்' என்று ஒரு திகில் தொடர் வந்தது. அதில் ஒரு கதையில் ராட்சசன் வருவான், நாம் யாரை அதிகம் நம்புகிறோமோ அவர் உருவில் வந்து நிற்பான். கிட்டே போனால் முடிந்தது. அதைப் பார்த்துத்தான் எழுதினேன் என்று கைகாக்ஸே பின்னாளில் சொன்னார். மந்திரித்த குறுக்குவில் அம்பு பட்டால் ராட்சசன் சாவான் என்ற விதியும் அந்தத் தொடரிலிருந்து வந்ததுதான். ஒரு டிவி தொடரின் நிருபர் கதாநாயகன் கையில் எடுத்த ஆயுதம், விதியாகி, பதிப்புக்குப் பதிப்பு உரு மாறி, 2014-ல் "நல்லவர் கையில் இருக்கும் துளைக்கும் மாய ஆயுதம்" என்று இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. (ராமன் விட்டதும் அம்புதானே, அதுவும் துளைக்கும் ஆயுதம்தானே என்று என் நண்பன் ஒருவன் சமாதானம் சொல்கிறான். வக்கீலுக்குப் படிக்க வேண்டியவன்.)

ஆட்டத்தில் வைத்துப் பார்த்தால் இந்த ராட்சசன் நல்ல மான்ஸ்டர். 2014 விதிப்படி ஆறாம் படி வரையிலான மந்திரம் எதுவும் அவன் விரும்பாமல் அவனைத் தொடாது. மந்திரவாதியின் பை காலி. அதைவிட முக்கியம், அவன் யார் உருவில் வேண்டுமானாலும் இருக்கலாம். எங்கள் விடுதி ஆட்டத்தில் டிஎம்மாக இருந்த சீனியர் அண்ணன் "ஊரில் ஒரு ராட்சசன் இருக்கிறான்" என்று மட்டும் சொன்னார். அடுத்த மூன்று வாரம் ஒரு பகடைகூடச் சண்டைக்காக உருளவில்லை. சத்திரக்காரரை நம்பவில்லை, கோயில் பூசாரியை நம்பவில்லை, கடைசியில் எங்களுக்குள்ளேயே ஒருவரை ஒருவர் நம்பவில்லை. என் அளவுகோலில் இது எட்டரை மார்க் வாங்கும் வேலை.

மிச்சம் ஒன்றரை ஏன் போயிற்று? புலித்தலைக்காக இல்லை. "நம் கலாச்சாரத்தைக் கெடுத்துவிட்டார்கள்" என்று பொங்குகிற பதிவு இது இல்லை. ராட்சசர்கள் நினைத்த உருவம் எடுப்பவர்கள், புலித்தலையும் எடுக்கட்டுமே. என் குறை வேறு. புத்தகத்தில் ராட்சசன் என்றால் எல்லாரும் ஒரே குணம்: ஒழுங்கான, தந்திரமான கெட்டவன். ஆனால் கம்பனோ வால்மீகியோ, யாரை எடுத்தாலும் இலங்கையில் எத்தனை விதமான ஆட்கள்! அண்ணன் செய்தது தப்பு என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு எதிர் அணிக்குப் போனவன் விபீஷணன். அதே தப்பைச் சபையில் எடுத்துச் சொல்லிவிட்டு, "ஆனாலும் உன் சோற்றைத் தின்றேன்" என்று அண்ணனுக்காகவே போய்ச் செத்தவன் கும்பகர்ணன். போகாவிட்டால் ராவணன் கொல்வான், போனால் ராமன் கொல்வான் என்று தெரிந்தே பொன்மானாய் மாறியவன் மாரீசன். இந்த மூன்று பேரில் யாரை மேஜையில் வைத்தாலும் ஆட்டக்காரர்கள் திணறிப்போவார்கள். கும்பகர்ணனைக் கொல்வதா, பேசித் திருப்ப முயல்வதா? விபீஷணன் உங்கள் முகாம் வாசலில் வந்து நிற்கிறான், உள்ளே விடுவீர்களா? உருமாறும் இனத்தைச் சேர்ந்தவன் என்று வேறு தெரியும்! அந்தக் காட்சியில் சுக்ரீவன் சந்தேகப்படுவதும், ராமன் அடைக்கலம் என்று வந்தவனைத் தள்ள மாட்டேன் என்பதும், அப்படியே ஒரு ராத்திரி ஆட்டம். அமெரிக்காவில் ஒரு மணி நேர டிவி கதையைப் பார்த்து எழுதியவருக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை. தெரிந்த நாமும் புத்தகத்தில் போட்டபடியே புலித்தலையை வைத்து ஆடிக்கொண்டிருப்பதுதான் எனக்குப் புரியவில்லை.

அதனால்தான் சொந்தமாக ஒன்று. 2014 மான்ஸ்டர் மேனுவலில் வேதாளம் கிடையாது. எனக்குத் தெரிந்து, சண்டை போடாமலே ஜெயிக்கும் மான்ஸ்டர் வேதாளம்தான். விக்கிரமாதித்தன் முருங்கை மரத்திலிருந்து அதை இறக்கித் தோளில் போட்டுக்கொண்டு நடப்பான். அது ஒரு கதை சொல்லிக் கேள்வி கேட்கும். பதில் தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை வெடிக்கும். வாயைத் திறந்தால் அது மறுபடி மரம் ஏறும். இதற்கு ஹிட் பாயின்ட் போட்டால் பாவம்.

மேஜையில் இதை எப்படி ஆடுவது என்பதில்தான் சிக்கல். ஒருவருக்குப் பதில் 'தெரியும்' என்று டிஎம் எப்படி முடிவு செய்வார்? நான் வைத்த விதி இது. டிஎம் கதையைச் சொல்லிக் கேள்வி கேட்டதும், பேசாமல் எல்லாரும் ஆளுக்கொரு துண்டுச் சீட்டில் பதிலை எழுத வேண்டும். எல்லாச் சீட்டும் ஒத்துப்போனால் பதில் தெரியும் என்று அர்த்தம், ஆகவே சொல்லித்தான் ஆக வேண்டும், வேதாளம் மரத்துக்குப் போய்விடும். சீட்டுகள் வேறுபட்டால் யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது, மௌனமாக இருக்கலாம், பாதி தூரம் கடந்தாயிற்று. முன்கூட்டியே பேசி வைத்து வேறு வேறாக எழுதலாமே என்பீர்கள். எழுதலாம். ஆனால் உங்கள் மனசுக்குப் படாததை எழுதினால் தலை வெடிக்கும் என்பதும் விதி. எழுதியதற்கு ஏன் என்று கேட்டால் காரணம் சொல்ல வேண்டும், உளறினால் டிஎம் பகடையை எடுப்பார்.

தலை மாற்றிய கதையை வைத்து ஆடிப் பார்த்தோம். கணவன் தலையும் அவன் கூட வந்தவன் உடலும் ஒன்றாகிவிட்டன, மறுபக்கமும் அப்படியே. அவளுக்கு இப்போது கணவன் யார்? (தாமஸ் மன் 1940-ல் நாவலாக்கியதும், கிரீஷ் கர்னாட் 'ஹயவதனா' நாடகத்தில் எடுத்துக்கொண்டதும் இதே கதைதான்.) மூலக்கதை விக்கிரமாதித்தன் தலைதான் என்று சட்டென்று சொல்லிவிடுவான். எங்கள் மேஜையில் இரண்டு பேர் தலை, ஒருவர் உடல், நாலாவது ஆள், எப்போதும் கோடரியைத் தூக்கிக்கொண்டு முதலில் ஓடுகிறவர், "அவளைக் கேட்டீங்களா?" என்று எழுதியிருந்தார். அதற்குப் பிறகு முக்கால் மணி நேரம் யாரும் பகடையைத் தொடவில்லை.

ஒரு குறை மட்டும் மிச்சம். இரண்டு பேர் மட்டும் ஆடினால் இந்த விதி சரிவராது, சீட்டுகள் அடிக்கடி ஒத்துப்போய்விடுகின்றன, வேதாளம் மரத்தை விட்டு இறங்குவதே இல்லை. அதற்கு யாரிடமாவது நல்ல யோசனை இருந்தால் சொல்லுங்கள். அடுத்த சனிக்கிழமை இரண்டு பேர்தான் வருகிறார்கள், மற்றவர்களுக்குத் திங்கட்கிழமை பரீட்சை.